ஏழு மணிக்கு மேல் வால்பாறையில் வீடு திரும்புவது எப்படி

எங்கள் தேயிலை எஸ்டேட் டிவிஷன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த டீச்சர், நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிவந்த தலைசுற்றல் தெளியும் முன்பே கேட்ட கேள்வி: "அண்ணா, இங்கே யானை வருமாமே?" வரும் டீச்சர். வராத நாளைத்தான் எண்ண வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் பிறந்து, இருபது வருடமாக இந்தத் தோட்டத்து ரோடுகளில் ஜீப் ஓட்டுகிறவன் நான். அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வால்பாறை மேடு சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் காடு. 1890களில் ஆரம்பித்து நடுவில் இருந்ததை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். யானை இன்னும் பழைய வழியிலேதான் நடக்கிறது. பகலில் நடுஆறு, சோலையாற்று ஓரத்து மரநிழலிலோ மிச்சமிருக்கும் துண்டுச் சோலையிலோ நிற்கும், இருட்டினால் கிளம்பும். அதற்குத் தேயிலை தீனி இல்லை, கடந்துபோகத்தான் வருகிறது. நாம் கடைக்குப் போய்த் திரும்புகிற நேரமும் அதுதான்.

இங்கே யானையால் செத்தவர்களில் பெரும்பாலானவர்கள், யானை பக்கத்தில் நிற்பதே தெரியாமல் போனவர்கள். அதனால் கிளம்பும் முன் போனைப் பாருங்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்கிற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பின் ஆட்கள் 2011 முதல், எந்த எஸ்டேட் பக்கம் யானை நிற்கிறது என்று சாயங்காலமே தமிழில் செய்தி அனுப்புகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் போனில் குரலாகவே வரும். உங்கள் நம்பரைச் சேர்ப்பதை வந்த முதல் வாரமே முடித்துவிடுங்கள். மேடான இடங்களில் சிவப்பு விளக்கும் உண்டு. யானை பக்கத்தில் நின்றால் போன் மூலமாகவே எரியவைப்பார்கள். அது மின்னினால் என் அம்மா, "சாமி பக்கத்துல நிக்குது" என்று தண்ணீர்க் குடத்தைக்கூட வெளியே வைக்க மாட்டார்.

நடந்து போனால் காதில் பாட்டு வேண்டாம். நான் பைக்கில் அந்தத் தப்பைச் செய்து, வளைவில் ஒரு கொம்பனின் பின்னங்காலுக்குப் பத்தடியில் போய் நின்றிருக்கிறேன். அது திரும்பிப் பார்த்ததோடு விட்டது என் அதிர்ஷ்டம். பனி இறங்கினால் கண் உதவாது, காதும் மூக்கும்தான். கிளை முறிவது, காது மடல் உடம்பில் தட்டுவது, ஈர வைக்கோல் மாதிரி ஒரு வாசம். இதில் ஒன்று வந்தாலும் திரும்பிவிடுங்கள்.

ரோட்டில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் புறங்கையை மேலே நீட்டிப் பாருங்கள். சூடு இருந்தால் போய் அதிக நேரமாகவில்லை. சேற்றில் முன்னங்கால் தடம் இருந்தால், பகலில், ஒரு கயிற்றால் அதைச் சுற்றி அளந்து இரண்டு மடங்காக்குங்கள். தோள் உயரம் ஏறக்குறைய அதுதான். டீச்சரின் பிள்ளைகள் அளந்தபோது எட்டரை அடி வந்தது. ஒருவன் அந்த உயரத்துக்குச் சுவரில் கரியால் கோடு போடப் பெஞ்சு மேல் ஏறினான்.

நேரில் பார்த்துவிட்டால் கத்த வேண்டாம், டார்ச்சை முகத்தில் அடிக்க வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். அதன் மேல் ஒரு கண் வைத்தபடி பின்வாங்குங்கள். சரிவில் இறங்கி ஓடினால் யானையால் வர முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நம்மைவிட நன்றாகச் சரிவில் இறங்கும். தேயிலைச் செடியில் கால் மாட்டி விழப்போவது நாம்தான். வண்டியில் இருந்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், பெரிய லைட்டைக் குறையுங்கள். அது இந்தப் பக்கமே வந்தால் ரிவர்ஸ்.

அப்புறம் வீடு. அரிசியையும் உப்பையும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ரேஷன் கடைச் சுவரும் சத்துணவுக் கூடத்துச் சுவரும் உடைவது அந்த வாசத்துக்குத்தான். எங்கள் வீட்டில் ஜன்னலடியில் மூட்டை இருந்தது. ஒரு ராத்திரி அடுப்படியில் யாரோ மூச்சு விடுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் ஜன்னலுக்குள் தும்பிக்கை. நுனியில் ஒரே ஒரு விரல் மாதிரி சதை. அது சோற்றுப்பானை விளிம்பைத் தடவி, மிளகாய் டப்பாவைத் தொட்டு விலகி, உப்புப் பாக்கெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே போனது. ஒரு தட்டுகூடக் கீழே விழவில்லை. மூட்டைக்காக ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்தது பிறகு. அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்து அறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் இருப்பதுதான் வேலை. பட்டாசு வெடித்து விரட்டினால் அது பக்கத்து லைனுக்குள்தான் மிரண்டு ஓடும்.

கூட்டம் ரோட்டைக் கடந்துவிட்டால் உடனே வண்டியை எடுக்காதீர்கள். ஒருமுறை ஆறு யானைகள் கடந்ததை எண்ணிவிட்டு சாவியைத் திருகினேன். பெரிய பெட்டை ஒன்று நின்று, காதை விரித்து, எங்களையே பார்த்தது. இஞ்சினை அணைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து மேட்டிலிருந்து, தும்பிக்கையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத ஒரு குட்டி, தடுமாறி ஓடிவந்து அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டது.