வலமிருந்து இடம் ஓடும் பத்திகள்: தமிழும் அரபியும் ஒரே பக்கத்தில்

அரபி கலந்த கோப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது ஒரு பாராவின் கடைசி வரியைத்தான். முற்றுப்புள்ளி வலது கோடியில் நின்றால், தட்டச்சு செய்தவர் எழுத்தை வலது ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறார், திசையை மாற்றவே இல்லை என்று அர்த்தம். ஓரம் வேறு, திசை வேறு. பக்கம் ஒரே பத்தியாக, அதாவது ஒரே செங்குத்துப் பிரிவாக, இருக்கும்வரை இந்தக் குறை கண்ணில் படாது. பக்கத்தை இரண்டு மூன்று பத்தியாகப் பிரித்ததும் கட்டுரையின் முடிவு வலப்பக்கத்திலும் தொடக்கம் இடப்பக்கத்திலும் போய் உட்காரும்.

திசையை நான்கு இடங்களில் சொல்ல வேண்டும்: புத்தகத்தின் கட்டு, பக்கத்தில் பத்திகளின் வரிசை, பாரா, பாராவுக்குள் வரும் பிறமொழித் துண்டு. இதே வரிசையில், பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். முதன்மை மொழி அரபியோ உருதுவோ ஹீப்ருவோ என்றால் கட்டு வலப்பக்கம். முதல் பக்கம் இடக்கைப் பக்கமாக விழும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இதைப் புது ஆவணம் தொடங்கும்போதே ‘பைண்டிங்’ என்ற இடத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பத்திகளின் வரிசை. பாராவை வலமிருந்து இடமாக்கினால் பத்திகளும் தாமாகத் திரும்பிவிடும் என்று நம்ப வேண்டாம். இன்டிசைனில் அது ‘ஸ்டோரி’யின், அதாவது தொடர்ந்து ஓடும் முழு உரையின், திசை. வேர்டில் பத்திகளுக்கான பெட்டியில் ‘ரைட்-டு-லெஃப்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அது தெரிய, வலமிருந்து எழுதும் மொழி ஒன்றை முதலில் வேர்டில் சேர்த்திருக்க வேண்டும். கட்டளைகளால் பக்கம் அமைக்கும் லேட்டெக்கில், பத்திகளுக்கான மல்ட்டிகால் தொகுப்பிலும் பத்திகளை வலமிருந்து அடுக்க ஒரு தனிக் கட்டளை உண்டு. வலைப்பக்கத்தில்தான் வேலை சுலபம்: பத்திகளைச் சுமக்கும் பெட்டிக்குத் திசையைக் கொடுத்தால் பத்திகளும் அதன்படி அடுக்கப்படும். ஆனால் ‘இடது ஓர இடைவெளி’ என்று சிஎஸ்எஸ்ஸில் (வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) எழுதி வைத்தது அப்படியே இடதில் நிற்கும். இடது, வலது என்பதற்குப் பதில் தொடக்கம், முடிவு என்று பொருள்படும் பண்புகளை எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

எந்த மென்பொருளானாலும், உண்மையான உரையை ஊற்றும் முன் ஒன்று, இரண்டு என எண்ணிட்ட வெற்றுப் பாராக்களை ஓடவிட்டுப் பாருங்கள். அரபி படிக்கத் தெரியாதவர்கூட வரிசை சரியா என்று சொல்லிவிடலாம்.

மூலம் வலப்பக்கம், தமிழாக்கம் இடப்பக்கம் என்று எதிரெதிரே வைப்பது வேறு வேலை. அதற்குப் பத்திப் பிரிப்பு ஆகாது. ஒரு மொழி நீண்டால் மற்றதன் இடத்துக்குள் வழிந்துவிடும். அட்டவணைதான் கைகொடுக்கும், ஒரு வரிசைக்கு ஒரு பாரா. அட்டவணைக்கும் திசை உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயிர்க்குறிகள் இட்ட அரபிக்குத் தமிழைவிட அதிக வரி இடைவெளி தேவைப்படும். இரண்டையும் ஒரே அளவில் பூட்டாமல், பாராவின் முதல் வரியை மட்டும் நேராக நிறுத்துவேன். குறுகிய பத்தியில் தமிழை இருபுறமும் சமப்படுத்தவும் மாட்டேன். நீளமான சொற்களால் வரிக்கு வரி ஓட்டை விழும்.

நேரம் அதிகம் தின்பது எண்கள். தமிழ்ப் பாராவில் ஓர் அரபி வசனம், அதையடுத்து 2:255 என்று அத்தியாயமும் வசனமும் காட்டும் எண். திரையில் எண் வசனத்துக்கு இடப்பக்கம் தாவியிருக்கும். யூனிகோடின் இருதிசை விதி, அரபி எழுத்தை அடுத்து வரும் எண்ணை அரபியோடு சேர்த்துவிடுவதுதான் காரணம். வசனம் முடிந்ததும் ‘இங்கிருந்து இடமிருந்து வலம்’ என்று சொல்லும் எல்ஆர்எம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியை இட்டால் எண் தன் இடத்துக்கு வரும். வலையில் அரபித் துண்டை ‘பிடிஐ’ குறிச்சொல்லுக்குள் அடைப்பது இன்னும் சுத்தம். துண்டுகளைத் தனிமைப்படுத்தும் குறிகள் யூனிகோடில் 2013-இல், 6.3 பதிப்பில் வந்தன. பழைய மென்பொருள்கள் அவற்றைக் கண்டுகொள்ளாமல் போகலாம்.

ஆண்டுகளில் இன்னொரு விளையாட்டு. அரபி உரைக்குள் 1950-1960 என்று சாதாரணச் சிறுகோட்டால் எழுதினால் 1960-1950 என்று தெரியும். ஹீப்ருவில் அதே சிறுகோடு ஒழுங்காக நிற்கும். நீளக்கோடு போட்டால் அங்கும் புரண்டுவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: முதல் எண்ணுக்கு முன் ஓர் எல்ஆர்எம். எண்ணைக் கையால் மாற்றி அடித்துச் சரிக்கட்டாதீர்கள், தேடலிலும் நகலிலும் தப்பாகவே வரும்.

அடைப்புக்குறிகளும் அப்படித்தான். திசைக்கேற்பத் தாமே முகம் திருப்பிக்கொள்ளும் அவற்றைச் சிலர் ‘சரியாகத் தெரிய’ வேண்டும் என்று தலைகீழாக அடித்திருப்பார்கள். பாராவின் திசையைச் சரிசெய்ததும் எல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கும். ஆகவே திசை முடிந்த பிறகே அடைப்புக்குறிகளைத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் சரியாக இருந்தவையும் கெடும்.