வெளிய சிசிடிவி கேமரா மாட்டுறப்ப பண்ற தப்புகள், முக்கியமா லென்ஸ் விஷயத்துல

கேமரா வாங்கி மாட்டி முடிச்சப்புறம் தான் பாதி பேர் "சரியா தெரியலையே, என்ன பண்ணலாம்"னு கேட்டு வர்றாங்க. புதுசா இந்த வேலைக்கு வர்ற பசங்களும் நாங்க ஆரம்பத்துல பண்ணுன அதே தப்பத்தான் பண்றாங்க. வீட்டுக்குள்ள வைக்கிற கேமராவ வெளிய மாட்டாதீங்க, ஹார்ட் டிஸ்க் போட மறக்காதீங்க மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத விட்டுடுறேன்.

அகலமா தெரியுதுன்னு எல்லா இடத்துக்கும் 2.8 எம்எம் லென்ஸ்

இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுல தான். தெரிஞ்ச ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்ன பைக்க தூக்கிட்டாங்க. கேமரா நல்லா ஓடிட்டு தான் இருந்துச்சு, ரெக்கார்டிங்கும் பக்காவா இருக்கு, ஒருத்தன் வர்றான், கேட்ட தொறக்குறான், லாக்க உடைக்கிறான், வண்டிய தள்ளிட்டு போறான், எல்லாமே தெரியுது, முகம் மட்டும் தெரியல. ஸூம் பண்ணா வெறும் கட்டம் கட்டமா வருது. அவரு பாவம் அந்த வீடியோவ திருப்பி திருப்பி ஓட்டிப் பாத்துட்டு, சாஃப்ட்வேர் எதாவது போட்டு முகத்த தெளிவாக்க முடியாதான்னு கேக்குறாரு. முடியாதுங்க. பதிவே ஆகாத முகத்த எந்த சாஃப்ட்வேராலயும் திருப்பி எடுக்க முடியாது.

ஏன்னு கணக்கு போட்டு பாத்தா புரிஞ்சிடும். 2 மெகாபிக்சல் கேமரால படத்தோட அகலம் 1920 பிக்சல். லென்ஸோட எம்எம் நம்பர் கம்மியானா பார்வை அகலம், கூடுனா குறுகல். 2.8 எம்எம் லென்ஸ் சுமாரா 100 டிகிரிக்கு மேல பாக்கும், அதாவது 10 மீட்டர் தள்ளி இருக்குற கேட்டுகிட்ட போறப்ப அது பாக்குற அகலம் ஏறக்குறைய 25 மீட்டர். அந்த 25 மீட்டருக்கும் 1920 பிக்சல பங்கு போட்டா மீட்டருக்கு 75 சொச்சம் தான். மனுஷ முகம் ஒரு 15 செ.மீ. அகலம், அப்போ மொத்த முகத்துக்கும் கிடைக்கிறது 11, 12 பிக்சல். இதுல கண்ணு எங்க மூக்கு எங்க? ஐஇசி 62676-4ன்னு சிசிடிவிக்கு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, முன்னபின்ன தெரியாத ஆள அடையாளம் காட்டணும்னா மீட்டருக்கு 250 பிக்சல் வேணும், ஏற்கனவே தெரிஞ்ச ஆள இவர் தான்னு சொல்ல 125 வேணும்னு அதோட 2014 பதிப்புல இருக்கு. யாரோ ஒருத்தர் அங்க இருக்காருன்னு தெரிஞ்சா போதும்னா 25 போதும்.

இத சொன்னதும் "அப்போ 4கே வாங்கிடுறேன்"னு கிளம்புவாங்க. அங்க தான் காசு இன்னும் வீணாகுது. 4கேல அகலத்துக்கு 1920ஓட ரெண்டு மடங்கு பிக்சல், அந்த கேமரால அதே 2.8 எம்எம் போட்டா அதே கேட்டுகிட்ட மீட்டருக்கு 150 தான் வரும். 4 மெகாபிக்சல்ல 6 எம்எம் லென்ஸ் போட்டா பார்வை 50 சொச்சம் டிகிரியா குறுகி, 10 மீட்டர்ல 10 மீட்டர் அகலம் தான் பாக்கும், மீட்டருக்கு 250 கிட்ட வந்துடும். சென்சார் சைஸ பொறுத்து கொஞ்சம் முன்னபின்ன ஆகும், ஆனா கணக்கு இது தான். விலை கம்மியான கேமரா முகத்த காட்டுது, விலை கூடுனது காட்டல. மெகாபிக்சல பத்தி விலாவாரியா பேசுறவங்க லென்ஸ பத்தி ஒரு வார்த்தை கேக்குறதில்ல, விக்கிறவங்களும் சொல்றதில்ல, ஏன்னா டெமோ காட்டுறப்ப போன்ல மொத்த வாசலும் ஒரே ஃப்ரேம்ல வந்தா பாக்குறவங்களுக்கு சந்தோஷமா இருக்கும்.

அதனால ஒரு கேமரா அகலமா, என்ன நடக்குதுன்னு பாக்க. இன்னொண்ணு குறுகலா, உள்ள வர்ற யாரும் தப்பிக்க முடியாத ஒரே வழிய மட்டும் பாக்க. எந்த லென்ஸ்னு முடிவு பண்ண முடியலன்னா 2.8லேர்ந்து 12 எம்எம் வரைக்கும் மாத்திக்கிற வேரிஃபோக்கல் வாங்கி அங்கயே அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. மாட்டி முடிச்சதும் ராத்திரில ஒருத்தர கேட்டுகிட்ட நடந்து வரச் சொல்லி ரெக்கார்ட் ஆனத ப்ளே பண்ணி பாருங்க. லைவ்ல பாத்துட்டு ஓகே சொல்லிடாதீங்க, ரெக்கார்டிங் வேற ரெசல்யூஷன்ல செட் ஆகியிருக்கும், நடக்குற ஆளு ராத்திரில இழுவிக்கிட்டு தெரியுறதும் அப்போ தான் கண்ணுல படும்.

எட்டாத உசரத்துல மாட்டுறது

மண்டையும் தொப்பியும் தான் தெரியும். முகம் வேணும்னா இரண்டரையிலேர்ந்து மூணு மீட்டர் போதும்.

மழை படுற இடத்துல டோம் கேமரா

டோம்னா அரை உருண்டை மூடி போட்ட கேமரா, பாக்க அழகா இருக்கும், எந்தப் பக்கம் பாக்குதுன்னு சட்டுன்னு தெரியாது, உடைக்கிறதும் கஷ்டம், கூரைக்கு அடில நல்லாவே வேலை செய்யும். திறந்த வெளில மாட்டுனா அந்த மூடி மேல தூசி, பனி, மழைத்துளி எல்லாம் உக்காந்துக்கும், ராத்திரி இருட்டுல பாக்க கேமராவே அடிக்கிற ஐஆர் (அகச்சிவப்பு) லைட் அதுல பட்டு லென்ஸுக்கே திரும்பி படம் வெளுத்துப் போயிடும். வெளிக்கு நான் முதல்ல சொல்றது டர்ரெட் (உருண்டை தலைய திருப்பி வைக்கிற டைப்), ஐஆரும் லென்ஸும் ஒரே மூடிக்குள்ள இருக்காது. தூரத்துக்கு புல்லட் (நீளமா குழாய் மாதிரி இருக்குறது). எதுவா இருந்தாலும் சிலந்தி வலைய அப்பப்ப தொடச்சு விடணும், ஐஆர் பட்டா அது ஒண்ணு தான் பளிச்சுன்னு தெரியும்.

ஐபி66 இருக்கேன்னு வயர தொங்க விடுறது

ஐபி66ங்கிறது தூசியும் தண்ணியும் உள்ள போகாதுன்னு குடுக்குற ரேட்டிங், அது கேமரா உடம்புக்கு. பின்னாடி வால் மாதிரி வர்ற வயரோட கனெக்டருக்கு இல்ல. தண்ணி இறங்கி பின்னு பச்சை பூத்து, ஒரு மழைக்காலம் முடியிறப்ப படம் விட்டு விட்டு வரும், எல்லாரும் கேமரா போயிடுச்சுன்னு கழட்டுவாங்க. ஜங்ஷன் பாக்ஸ் ஒண்ணு போட்டு ஜாயிண்ட் எல்லாத்தையும் உள்ள தள்ளுங்க, அதுக்கான காச மிச்சம் பிடிக்காதீங்க.

வயரே வேணாம்னு வைஃபை

கரண்ட் வயர் எப்படியும் வேணும். ஒரு வயர் இழுக்கத்தான் போறீங்கன்னா அத பிஓஇ கேபிளா இழுங்க, கரண்டும் டேட்டாவும் ஒண்ணுலயே 100 மீட்டர் வரைக்கும் போகும். பேட்டரி கேமரான்னா இன்னொரு விஷயம், அதுல பெரும்பாலும் இருக்குறது பிஐஆர் சென்சார் (உடம்புச் சூடு நகர்றத வச்சு ஆள கண்டுபிடிக்கிறது), குறுக்க நடக்குற ஆள சட்டுன்னு பிடிக்கும், நேரா கேமராவ பாத்து வர்ற ஆள லேட்டா தான் பிடிக்கும். பாதைக்கு பக்கவாட்டுல வைங்க.

சுத்தி சுத்தி பாக்குற பிடிஇசட் கேமரா

அந்தப் பக்கம் திரும்பியிருக்குறப்ப இந்தப் பக்கம் ரெக்கார்ட் ஆகாது. உக்காந்து பாக்க ஆள் இருந்தா மட்டும் வாங்குங்க.

பாஸ்வேர்ட்

2016ல மிராய்னு ஒரு மால்வேர் டீஃபால்ட் பாஸ்வேர்ட் மாத்தாத கேமரா, டிவிஆர் ரெக்கார்டர்களுக்குள்ள தான் கூட்டம் கூட்டமா புகுந்துச்சு. மாட்டுன அன்னைக்கே மாத்துங்க.