பல் மருத்துவமனை தொடங்கி, வளர்த்து, கைமாற்றுவது எப்படி?

திருப்பூரில் சொந்தமாக ஒரு பல் மருத்துவமனையைத் தொடங்கி நடத்தினேன். பிறகு கோபிசெட்டிபாளையத்தில் முப்பது ஆண்டுகளாக நடந்துவந்த ஒன்றை அதன் மூத்த மருத்துவரிடமிருந்து விலைக்கு வாங்கினேன். இரண்டையும் செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். படிப்பு முடித்துப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவும் செய்தவர்களுக்கான விளக்கம் இது. பட்டம், பதிவு பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

படி 1: இடம்

கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் ஊரின் வாரத்தைப் பாருங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. ஞாயிறு பூட்டிக் கிடக்கும் மருத்துவமனை அங்கே பாதி நோயாளிகளை இழக்கும். கோபியில் நடவும் அறுவடையும்தான் கணக்கு. ஆடியில் பெரிய சிகிச்சை எதையும் தொடங்க மாட்டார்கள். ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் பல் சுத்தம் செய்யக் குடும்பமாக வருவார்கள்.

வாடகைக்கு 11 மாத ஒப்பந்தம் போதும் என்று சொல்வார்கள். போதாது. சிகிச்சை நாற்காலிக்காகத் தரையை வெட்டித் தண்ணீர், காற்று, கழிவுக் குழாய்களைப் பதித்த பிறகு இடம் மாறுவது பெருஞ்செலவு. குறைந்தது ஐந்து ஆண்டுக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள்.

படி 2: காகிதங்கள்

மூன்று வேலைகளை ஒரே வாரத்தில் தொடங்கிவிடுங்கள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இன்படி பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி, எக்ஸ்ரே கருவிக்காக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈ-லோரா தளத்தில் பதிவு. மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எனவே கழிவு எடுக்கும் வண்டி உங்கள் தெருவுக்கு எந்தெந்த நாளில் வரும் என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு ஒப்பந்தம் போடுங்கள்.

படி 3: கருவிகள்

நாற்காலியில் மிச்சம் பிடியுங்கள், கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் வேண்டாம். குக்கர் போன்ற சாதாரண வகையில், உறையில் இட்ட கருவி ஈரத்தோடு வெளிவரும். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸின் நுண்துளைக்குள் இருக்கும் காற்றையும் அது சரியாக வெளியேற்றாது. வெற்றிடம் உண்டாக்கும் ‘பி’ வகுப்பு ஆட்டோகிளேவ்தான் என் தேர்வு. அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். திருப்பூரில் உதவியாளர் ஒருவர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவந்தார். நான்கே மாதத்தில் உள்சுவரெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை படிந்து வால்வு அடைத்துக்கொண்டது.

கருவிகளுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரசர் எண்ணெய் இல்லாததாக இருக்கட்டும். காற்றில் எண்ணெய்ப் பிசுக்கு கலந்தால் பல்நிற அடைப்பு சரியாக ஒட்டாது. தினமும் மாலையில் அதன் தொட்டியில் தேங்கிய நீரைத் திறந்துவிடுங்கள்.

படி 4: வளர்ப்பது

பல் பிடுங்கிய மறுநாள் காலையில் நீங்களே தொலைபேசியில் அழைத்து, “ரத்தம் நின்றுவிட்டதா?” என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் யார் யார் திரும்ப வர வேண்டும் என்று ஒரு பதிவேடு வைத்திருங்கள். தள்ளுபடிப் பலகைகள் நம் தொழிலுக்கு அழகில்லை, நெறிமுறைக்கும் பொருந்தாது.

படி 5: கைமாற்றம்

நான் இடறிய இடம் இதுதான். நாற்காலி, எக்ஸ்ரே, கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் விலை போட்டோம். மூன்று ஆண்டு வருமானத்தைப் பார்த்துத் தொழிலின் நற்பெயருக்கு ஒரு தொகை பேசினோம். பாதியில் நிற்கும் சிகிச்சைகளை இருவருமே எண்ணவில்லை.

பொறுப்பேற்ற மூன்றாம் நாள் நம்பியூர்ப் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவர், பல்லுக்குக் கம்பி கட்டிய மகளோடு வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பச்சை மையில் மூத்த மருத்துவரின் கையெழுத்து: “முழுத் தொகையும் வரவு.” சிகிச்சையோ இன்னும் 16 மாதம் பாக்கி. அன்று மாலை எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பினேன். கம்பி கட்டியவர்கள் 23 பேர், அவர்களில் முழுத் தொகையையும் முன்பணமாகச் செலுத்தியவர்கள் 14 பேர். ஒருவரிடமும் இரண்டாவது முறை காசு கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அவர்கள் நம்பியது அந்த வாசற்படியை.

ஆகவே விலை பேசும் முன்பே நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: பெயர், பேசிய தொகை, கட்டிய தொகை, மீதி வேலை. கணக்கு இப்படி: 24 மாதச் சிகிச்சைக்கு 30,000 ரூபாய் பேசி, முழுவதும் கட்டியாயிற்று. கம்பி ஒட்டும் நாளின் செலவும் உழைப்பும் 6,000 என்று வைத்தால் மிச்சம் 24,000, அதாவது மாதத்துக்கு 1,000. எட்டு மாதம் முடிந்திருந்தால் 16,000 ரூபாய் வேலை உங்கள் தலையில் ஏறுகிறது. இதை விலையிலிருந்து கழியுங்கள். மொத்தத் தொகையை 24ஆல் வகுத்து மீதி 16 மாதத்துக்குப் பெருக்கினால் 20,000 வரும். அது விற்பவருக்குச் செய்யும் அநியாயம், ஏனென்றால் முதல் நாள் வேலைதான் பெரியது.

வேர் சிகிச்சை முடிந்து உறை போடாத பற்கள், எலும்பில் செயற்கை வேர் பதித்துவிட்டு அதன்மேல் பொருத்தும் பல்லுக்குக் காத்திருப்பவை, லேப்பில் இருக்கும் பல் செட்டுகள் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். விலையில் ஒரு பகுதியை ஆறு மாதம் கழித்துத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

விற்பவர் மூன்று மாதமாவது வாரம் இரண்டு நாள் உடன் உட்காரட்டும். “பெரிய டாக்டர் இல்லையா கண்ணு?” என்று கேட்ட பாட்டிகளிடம் அவரே என்னை அழைத்துப்போய், “இனி இவர்தான் பார்ப்பார்” என்று சொன்னார். எந்த விளம்பரமும் அதைச் செய்திருக்காது.

எக்ஸ்ரே பதிவும் மருத்துவ நிறுவனப் பதிவும் கருவியோடும் கட்டடத்தோடும் தாமாக உங்களிடம் வந்துவிடாது. உங்கள் பெயருக்கு விண்ணப்பித்து, பதிவு கிடைத்த பிறகே எக்ஸ்ரே எடுங்கள்.

பின்சேர்க்கை: கரூரிலிருந்து எழுதிய ஒரு வாசகர் நான் விட்டதைச் சுட்டிக்காட்டினார். நோயாளிகள் அழைக்கும் கைபேசி எண் பெரும்பாலும் மூத்த மருத்துவரின் சொந்த எண்ணாகவே இருக்கும். அதையும் ஒப்பந்தத்தில் சேர்த்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வாசகருக்கு நேர்ந்த இன்னொன்று: வரவேற்பு மேசையில் ஒட்டியிருந்த பணம் செலுத்தும் கியூஆர் அட்டை பழையவரின் வங்கிக் கணக்குக்கு உரியது. ஒரு வார வசூல் அங்கே போய்ச் சேர்ந்து, திருப்பி வாங்க இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. சாவி வாங்கும் அன்றே அந்த அட்டையை உரித்துவிடுங்கள்.