காபிக்கடை திறப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் காபி கிளப் என்ற பெயரில் கடைகள் நடந்த காலம் தொட்டே, பாலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, டிகாஷன் இரண்டாம் முறை இறக்கியதா என்பதை முதல் வாயிலேயே சொல்லிவிடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் புதிதாகக் காபிக்கடை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயர்ப்பலகை, சுவர் ஓவியம், நாற்காலி, விலைப்பட்டியல் ஆகியவற்றில்தான் பணத்தையும் யோசனையையும் கொட்டுகிறார்கள். இவை எல்லாம் பிடிக்காவிட்டால் மூன்று மாதத்தில் மாற்றிவிடக்கூடியவை. இடம், குத்தகை, தண்ணீர், பால், கடன் ஆகியவை அப்படி மாற்ற முடியாதவை. கடையை மூட வைக்கும் தவறுகள் இவற்றில்தான் நேர்கின்றன, அதுவும் திறப்பு விழாவுக்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன.

இடத்தைப் பார்க்கும்போது பலரும் மாலை ஆறு மணிக்குத் தெருவில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். டெல்டா ஊர்களின் காபி நேரம் விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கி ஒன்பதோடு ஓய்ந்து, பிறகு பிற்பகல் மூன்றரைக்கு மீண்டும் எழுந்து ஆறரை வரை ஓடுகிறது. பெருநகர வழக்கத்தைப் பார்த்துக் காலை பதினொரு மணிக்குக் கதவைத் திறக்கும் கடை, நாளின் மிகச் சிறந்த நான்கு மணி நேர வியாபாரத்தைப் பக்கத்து மெஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு, வெயில் நேரத்தில் ஈ ஓட்டும். பேருந்து நிலையம், மார்க்கெட், கோயில் வீதி, மருத்துவமனை, கல்லூரி ஆகிய ஒவ்வொன்றுக்கும் கூட்டம் வரும் நேரம் வேறு, கிழமையும் வேறு. ஆலங்குடிக்கு வியாழக்கிழமையும் திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமையும் வரும் கூட்டத்தை வைத்து மற்ற ஐந்தாறு நாட்களையும் கணக்கிடுவது ஆபத்து. ஒரே இடத்தை வெவ்வேறு கிழமைகளில், விடியற்காலையிலும் மாலையிலும் நின்று பார்த்தவர்கள்தான் அந்த இடத்துக்கு எவ்வளவு வாடகை தாங்கும் என்று சொல்ல முடியும்.

குத்தகையில் இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இங்குள்ள கடைத்தெருக்களில் கணிசமான மனைகள் கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் சொந்தமானவை. கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது என்ற நிலை சாதாரணம். அத்தகைய கடையில் ஏற்கெனவே இருப்பவரிடம் உள்வாடகைக்கு எடுத்து, பகடி (கடையைக் கைமாற்றித் தருவதற்கான தொகை) என்றும் அட்வான்ஸ் என்றும் சில லட்சங்களைக் கொடுத்து, உட்புறம் முழுவதையும் இடித்துக் கட்டுகிறவர், கோயில் நிர்வாகத்தின் பதிவேட்டில் தம் பெயரே இல்லை என்பதைத் தகராறு வரும்போதுதான் அறிகிறார். இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-இன்படி, கோயில் சொத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் தேவை. ஆகவே பத்தாண்டு ஒப்பந்தம் என்று ஒரு முத்திரைத்தாளை யாராவது நீட்டினால், நிலம் யாருடையது என்பதை முதலில் கேட்க வேண்டும். தனியார் கட்டடமானாலும் வாய்ப்பேச்சை நம்பக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. வாடகை ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், கழிவுநீர் எங்கே போகும், புகைபோக்கியை எந்தச் சுவரில் வைக்கலாம் என்பவை அந்த ஒப்பந்தத்தில் இருப்பது நல்லது. கழிவுநீர் பற்றிய ஒரு வரி இல்லாததால் மாடியில் குடியிருப்பவரோடு தொடங்கும் சண்டை, கடை இருக்கும் வரை ஓயாது.

தண்ணீரைப் பற்றி யோசிக்கிறவர்கள் மிகக் குறைவு. டம்ளரில் இருக்கும் காபியின் டிகாஷன் பெரும்பகுதி தண்ணீர்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தண்ணீரில் இறக்கிய தூளையே நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களின் உவர்ப்பேறிய நிலத்தடி நீரில் இறக்கினால் சுவை மங்கிவிடும்; கடின நீரால் பாய்லரிலும் இயந்திரத்திலும் உப்புப் படியும். இதற்குப் பரிகாரமாக ஆர்.ஓ. இயந்திரத்தை மாட்டி, உப்பு அனைத்தையும் நீக்கிவிடுவது இன்னொரு தவறு. தாதுக்கள் அறவே இல்லாத நீரில் காபியின் சாரம் சரியாக இறங்காது. சிறப்புக் காபித் துறையில் பின்பற்றப்படும் அளவு, ஒரு லிட்டரில் கரைந்துள்ள பொருட்கள் சுமார் 150 மில்லிகிராம் என்பதாகும். இதை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி, ஆர்.ஓ. நீரோடு நல்ல குழாய் நீரைக் கலந்து இந்த அளவுக்கு அருகே கொண்டுவந்துவிடலாம். இடத்தை முடிவு செய்யும் முன்பே கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் அங்குள்ள நீரைச் சோதிப்பது இன்னும் நல்லது.

பாலில் செய்யும் தவறு, விலையை மட்டும் பார்ப்பது. ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று நீலத்துக்கு இறங்கினால் வாடிக்கையாளருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் காபி தண்ணியாகிவிட்டது என்பது தெரிந்துவிடும். உள்ளூர்க் கறவைப் பால் வாங்குவதாக இருந்தால் லாக்டோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் சேர்த்தால் பாலின் அடர்த்தி குறையும், ஆடையை எடுத்தால் கூடும். இரண்டையும் செய்தவருடைய பாலில் அந்தக் கருவி சரியான அளவையே காட்டும். கொழுப்பைத் தனியே சோதிக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒரே ஆளிடம் மட்டும் பாலுக்குச் சொல்லி வைக்காமல் இருப்பது. பால்காரர் வீட்டுக் கல்யாணத்தன்று கடைக்கு விடுமுறை விட முடியாது.

தூளைப் பொறுத்தவரை, பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்று கொட்டையின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, உள்ளே சிக்கரி எவ்வளவு என்பதைக் கடைக்காரரே அறியாமல் இருப்பது இங்கே அடிக்கடி காணப்படுவது. காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலப்பு விகிதம் உறையில் அச்சிடப்பட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சிக்கரி சேர்ப்பது குற்றமில்லை, இந்த ஊர் ருசிக்கு அது வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சிக்கரியைச் சேர்த்துவிட்டுச் சுத்தமான காபி என்று பலகை வைப்பது தவறு. தூளையும் தண்ணீரையும் கையளவில் போடாமல் கிராம் கணக்கில் எழுதி வைப்பதும் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியது. இல்லாவிட்டால் கடையின் ருசி மாஸ்டரின் கையில் இருக்கும். அவர் எதிர்க்கடைக்குப் போகும்போது ருசியும் கூடவே போகும். கொட்டையைத் தேர்ந்தெடுக்கவும் வறுக்கவும் முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு, பெங்களூரில் உள்ள இந்தியக் காபி வாரியம் காபி சாஸ்திரா என்ற பயிற்சியை நடத்துகிறது.

எஸ்பிரசோ இயந்திரம் வாங்க நினைப்பவர்கள், அது இழுக்கும் மின்சாரத்தை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு குழாய் கொண்ட இயந்திரம் ஒன்றே மூன்று, நான்கு கிலோவாட் வரை கேட்கும். பழைய கடைத்தெருக் கட்டடங்களில் இருக்கும் ஒருமுனை இணைப்பு அதையும் குளிர்சாதனப் பெட்டியையும் சேர்த்துத் தாங்காது. மும்முனை இணைப்புக்கு இயந்திரம் வந்து இறங்கிய பிறகு விண்ணப்பிப்பது காலத்தை வீணாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மின்தடை இங்கே புதிதல்ல. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. அப்போதும் கேஸ் அடுப்பும் பித்தளை ஃபில்டரும் வைத்திருந்தால் காபி போட முடியும். கேஸ் என்றால் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் எரிப்பது சட்ட விரோதம்.

கணக்கைக் காகிதத்தில் போடாமல் தொடங்குவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. உதாரணத்துக்கு, வாடகை 20,000, இரண்டு பேர் சம்பளம் 32,000, கேஸும் மின்சாரமும் 12,000, மற்றவை 6,000 என்று மாதச் செலவு 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காபியை 25 ரூபாய்க்கு விற்று, பால், தூள், சர்க்கரைக்கு 12 ரூபாய் போனால் கையில் நிற்பது 13. எழுபதாயிரத்தைப் பதின்மூன்றால் வகுத்தால் மாதம் சுமார் 5,400 காபி, நாளொன்றுக்கு 180 காபி விற்றால்தான் செலவு அடையும். கடன் தவணையும் முதலாளியின் வீட்டுச் செலவும் இதில் இன்னும் சேரவில்லை. பக்கத்தில் 15 ரூபாய்க்குக் காபி விற்கும் கடை இருக்கும்போது நமக்கு அந்த 180 பேர் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால், சிற்றுண்டி சேர்ப்பதா, கடையைச் சிறிதாக்குவதா என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கும் எல்லா மாதங்களுக்கும் ஒன்றாக இருக்காது. குறுவை, சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் வரும் காலத்துக்கும் நடவுச் செலவுக் காலத்துக்கும் கடைத்தெருவில் வித்தியாசம் தெரியும். முகூர்த்த மாதங்களில் வெளியூர்க் கூட்டம் வரும், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலியாக இருக்கும். தை, மாசியில் திறந்து, முதல் இரண்டு மாத விற்பனையை வைத்துக் கூடுதல் ஆளை அமர்த்துகிறவர் ஆடியில் திண்டாடுவார். மந்த மாதங்களுக்கென்று குறைந்தது ஆறு மாதச் செலவைத் தனியே வைத்த பிறகுதான் உள் அலங்காரத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

காகித வேலைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமத்துக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பித்து, கிடைக்கும் 14 இலக்க எண்ணை ரசீதிலும் அச்சிட வேண்டும். நகராட்சி அல்லது மாநகராட்சியின் தொழில் உரிமம் தனி. பார்சலுக்குப் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பது பண நஷ்டம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அவை தடை செய்யப்பட்டவை.

கடனில் ஒரு வரிசைமுறை உண்டு. சிறுதொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிரிவுகள் உள்ளன. மானியத்தோடு கூடிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே உரியது. நல்ல நாள் பார்த்துக் கடையைத் திறந்துவிட்டு, அப்புறம் மானியத்துக்கு எழுதிப் போடலாம் என்று இருக்கிறவருடைய விண்ணப்பம், ஏற்கெனவே நடக்கும் கடை என்ற காரணத்தாலேயே தள்ளுபடியாகும். மானியம் வேண்டுமென்றால், ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகு பால் காய்ச்சும் நாளைக் குறித்துக்கொள்ளலாம்.