காபியும் முட்டியும்: முகாமுக்குப் போகும் முன்

பாபநாசம் பக்கம் நடந்த யோகா முகாமில் போன வருடம் இரண்டாம் நாளே மண்டையைப் பிளக்கும் தலைவலி. அங்கே காபி கிடையாது. தினமும் 4 டம்ளர் குடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு சும்மா விடுமா?

இந்த முறை இரண்டு வாரம் முன்பே தொடங்கி, மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்தேன். காலைக் காபியைக் கடைசியாக விட்டேன். தலைவலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

உட்காருவதுதான் பெரும்பாடாக இருந்தது. பத்தமடைக் கோரைப்பாயை (1887இல் யோக குரு சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் அது, அந்த நினைப்பே எனக்கு ஒரு தெம்பு) விரித்துத் தினமும் சம்மணமிட்டேன். சிமெண்டுத் தரையில் பாய் வழுக்கியது. அடியில் ஜமுக்காளம் போட்டேன். முட்டிகள் அந்தரத்தில் நின்று வலித்தன. பழைய துண்டை நான்காக மடித்து அதன்மேல் உட்கார்ந்ததும் இடுப்பு உயர்ந்து, முட்டிகள் தாமாகவே இறங்கின. 10 நிமிடத்தில் மரத்துப்போன கால்கள் 30 நிமிடம் தாங்கின.

இரவு எட்டு மணிக்கு மேல் செல்போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். முதல் மூன்று இரவுகள் கை அதைத் தேடியது. நான்காம் இரவு திண்ணையில் உட்கார்ந்து, தென்னை ஓலை அசையும் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.