கடலோரத்தில் புல்வெட்டுவோரும் பெட்ரோல் கேனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்திலிருந்து இராமேசுவரம் வரை விடுதிகளும் தங்குமனைகளும் பெருகியதில், புல்வெட்டும் வேலைக்கும் சீமைக் கருவேலம் அழிக்கும் வேலைக்கும் வரும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். இயந்திரத்தைப் பிரித்து மாட்ட விரைவில் கற்றுக்கொள்ளும் இவர்கள், எரிபொருள் கேனை மட்டும் கடையில் கண்ணில் பட்டதை எடுத்து வருகிறார்கள். எங்கள் தலைமுறை செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பெட்ரோல் ஊற்றக் கூடாது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அத்தகையவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரிய கேன் வாங்குவது

பங்க் தொலைவில் இருக்கிறது, ஒரே நடையில் 20 லிட்டர் வாங்கி வைத்துவிட்டால் அடிக்கடி அலைய வேண்டாம் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 லிட்டர் பெட்ரோல் மட்டுமே ஏறக்குறைய 15 கிலோ கனம். தோளில் மாட்டிப் புல்லும் புதரும் வெட்டும் பிரஷ் கட்டரின் டேங்க் கொள்வதோ ஒரு லிட்டர் அளவு. அதன் வாயும் சிறியது. நிறைந்த கேனைச் சாய்க்கும்போது உள்ளே காற்று புக வழியில்லாமல் பெட்ரோல் குபுக் குபுக்கென்று விட்டுவிட்டு விழும். தூக்கிப் பிடித்திருக்கும் கை நடுங்கும். ஆடி மாதத்தில் பாம்பன் பக்கம் வீசும் காற்றில் புனலுக்குள் போக வேண்டியதில் ஒரு பகுதி வெளியே தெறிக்கும்.

தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு தங்குமனையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி இப்படித்தான் ஒரு பெரிய கேனை வைத்துக்கொண்டிருந்தார். வெயிலுக்கு ஒதுங்கக் கிணற்றடி வேப்பமரத்து நிழல் வசதியாக இருந்ததால், டேங்க்கை நிரப்புவது எப்போதும் அங்கேதான். ஒருமுறை கண்டித்தபோது, "கொஞ்சந்தாண்ணே சிந்துச்சு, மணலே குடிச்சிருச்சு" என்றார். மணல் குடித்ததுதான் வினையாயிற்று. இந்தத் தீவில் நல்ல தண்ணீர் என்பது மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பது. தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டியே ஊற்றுநீர் எடுக்கிறார்கள் என்றால், அது எவ்வளவு மேலாக நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். களிமண்ணாக இருந்தால் சிந்திய பெட்ரோல் பெரும்பாலும் மேலேயே தங்கி ஆவியாகும். மணலிலோ தங்குதடையின்றிக் கீழே இறங்கி, நீரைவிட இலேசானது என்பதால் அந்த நீர்மட்டத்தின் மேல் பரவி நிற்கும். அந்தப் பருவம் முடிவதற்குள் கிணற்று நீரில் வாடை வந்துவிட்டது. இறைத்துக் கொட்டியும் போகவில்லை. பெட்ரோலில் ஒரு விழுக்காடு வரை இருக்கக்கூடிய பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது என்பதால், வாடை குறைந்துவிட்டது என்று எண்ணிக் குடிக்கவும் முடியாது. வீட்டுக்காரர் லாரித் தண்ணீர் வாங்கினார். புல்வெட்டும் ஒப்பந்தமும் போயிற்று. பங்க்குக்குச் சில நடை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு கெட்டது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

இதே தவறுக்கு இன்னொரு விலையும் உண்டு. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பாதி காலியான பெரிய கேனைப் பகலில் திறந்து திறந்து மூடினால், கடற்காற்றின் ஈரம் உள்ளே சேர்ந்து, ஓர் அளவுக்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். இயந்திரத்தின் குழாய் உறிஞ்சுவது டேங்க்கின் அடியிலிருந்துதான். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே 5 லிட்டர் உலோகக் கேன், இறுகப் பூட்டும் மூடி, காற்று உள்ளே புகத் தனித் துளை அமைந்த நீண்ட மூக்கு ஆகியவையே போதும். சட்டமும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்திருக்க விடுகிறது. அதையும் கண்ணாடி, பீங்கான் வகைச் சாடி, உலோகம் ஆகியவற்றில் நன்கு மூடி வைக்கச் சொல்கிறது. உலோகக் கலன் ஒன்று 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது. பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை.

தண்ணீர்ப் பாட்டில்

வேண்டாம். பெட்ரோல் ஊற்றிய பாட்டிலைக் குடிக்கத் தூக்கும் பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது.

வாய்வரை நிரப்புவது

கொடுத்த காசுக்கு முழுதாக இருக்கட்டும் என்று கழுத்துவரை நிரப்புகிறார்கள். 5 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 100 மில்லி பெருகும். காலையில் பங்க்கில் வாங்கிய கேன் நண்பகலில் வண்டியின் பின்புறம் எவ்வளவு காயும் என்பது இவ்வூரில் வாழ்பவருக்குத் தெரியும். நாலரை லிட்டரோடு நிறுத்திவிடுங்கள்.

வண்டியில் வைத்தபடியே நிரப்புவது

ரப்பர் விரிப்பின் மேலோ தார்ப்பாயின் மேலோ இருக்கும் கேனில் பெட்ரோல் பாயும்போது நிலைமின்னேற்றம் சேரும்; அது நிலத்துக்கு இறங்க வழி இருக்காது. பெட்ரோலின் ஆவி உறைநிலைக்கு வெகு கீழான வெப்பத்திலும் பற்றிக்கொள்ளக் கூடியது என்பதால் ஒரு சிறு பொறி போதும். கேனை இறக்கித் தரையில் வைத்து, பங்க்கின் குழாய் முனை கேனின் வாயைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி நிரப்ப வேண்டும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

சூடான இயந்திரம்

நிறுத்தியதும் பெட்ரோல் ஊற்றாதீர்கள்; ஆறப் பத்து நிமிடம் பொறுங்கள்.

துருவைக் கவனிக்காமல் விடுவது

உலோகக் கேனுக்கு உப்புக்காற்று பகை. துரு முதலில் அடித் தையலில்தான் பிடிக்கும். கேனை எப்போதும் மணலில் வைப்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பலகையின் மேல் வைத்து, வெளிப்புறம் வண்ணம் பூசி, அடியை அடிக்கடி திருப்பிப் பாருங்கள். ஓட்டையை வெல்டிங் செய்து தருவதாக யாரேனும் சொன்னால் கேனைக் கொடுக்காதீர்கள்; காலிக் கேனுக்குள் நிற்கும் ஆவி, நிறைந்த கேனைவிட ஆபத்தானது. துருப்பிடித்ததைக் கழித்துவிட வேண்டும்.

அடையாளம் இல்லாத கேன்

டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்கு ஆயில் கலந்த பெட்ரோல். போர் ஸ்ட்ரோக் புல்வெட்டிக்கு வெறும் பெட்ரோல். கலக்கும் ஆயில் லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியா என்பதை இயந்திரத்தின் கையேடு சொல்லும். அதைக் கேனின் மேலேயே பெயிண்டில் எழுதிவிடுங்கள். ஆயில் கலக்காததை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது

தண்ணீர் அதைப் போக்குவதில்லை; பரப்பி, இன்னும் ஆழத்துக்குத் தள்ளுகிறது. சிந்திய உடனே இயந்திரத்தை அங்கிருந்து நகர்த்தி, நனைந்த மணலை மண்வெட்டியால் அள்ளித் தகரத் தட்டில் போட்டு, அடுப்பும் கிணறும் இல்லாத திறந்த இடத்தில் பரப்பி உலரவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி ஷெட்டுக்குள் எறியாமல் வெளியில் விரித்துப் போடுங்கள். டேங்க்கை நிரப்பும் இடத்தில் ஓர் அகலமான தட்டை முன்கூட்டியே விரித்துவிட்டால், மணலை அள்ளும் வேலையே வராது.