பழைய 35க்கு ஆல்டனேட்டர் பூட்டுவது: எர்த்திலிருந்து தொடங்குங்கள்

எங்கள் மெசின், அதாவது உழவு இயந்திரம், மெசி பெர்குசன் 35, மூன்று சிலிண்டர் டீசல். இங்கிலாந்தில் 1964 வரை செய்த வகை. என்ஜின் இன்றைக்கும் தங்கம். தொல்லை கொடுத்ததெல்லாம் என்ஜினோடு சுற்றிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் பழைய டைனமோதான். பெரும்போக வெட்டு முடிந்து நெல் ஏற்றிய இழுவைப் பெட்டியோடு இரவில் வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) திரும்பும்போது, மெசினை மெதுவாக்கினால் லைட் மஞ்சளாகி, பிறகு சிவப்புக் கம்பியாகிவிடும். படுவான்கரையில் யானை குறுக்கே நிற்கிற பாதை அது. ஒருநாள் அப்பா பாதி வழியில் நிறுத்திவிட்டு, "மனே, முன்னுக்கு ஒண்டும் தெரியல்ல, நீ ரோச்சைப் பிடிச்சுக்கொண்டு முன்னால நட" என்றார். நடந்தேன். அடுத்த கிழமையே டைனமோவைக் கழற்றி, அதே வேலையைச் செய்யும் புதுவகை ஆல்டனேட்டரைப் பூட்டினேன்.

மட்டக்களப்பு ரவுனில் ஒரு வயறிங் கடையில் மூன்று வருடம் வேலை பழகியவன் நான். அப்பாவின் மெசினுக்குப் பிறகு கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் பத்துப் பதினொரு மெசினுக்கு இதே வேலை செய்திருக்கிறேன். பூட்டிய பிறகு "சார்ஜ் இல்லை" என்று திரும்பி வந்தவற்றில் ஆல்டனேட்டர் பழுதானது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் எர்த் (பற்றரியின் ஒரு முனை மெசினின் இரும்பு உடம்போடு சேரும் தொடர்பு), இல்லாவிட்டால் வயர். அதனால் எர்த்தில் தொடங்குகிறேன்.

முதலில் பற்றரியைப் பாருங்கள். எந்த முனையின் கேபிள் மெசினின் பொடியில் (இரும்பு உடம்பில்) பிடித்திருக்கிறது? அந்தக் காலத்து இங்கிலாந்து மெசின்களில் பெரும்பாலும் பிளஸ்தான் பொடியில் இருக்கும். இப்போது கிடைக்கிற ஆல்டனேட்டர்கள் மைனஸ் பொடிக்குச் செய்தவை. பார்க்காமல் அப்படியே வயரைக் கொழுவினால், உள்ளே இருக்கிற, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட்கள் கண் இமைக்கிற நேரத்தில் போய்விடும். ஆகவே பற்றரியைத் திருப்ப வேண்டும். பிளஸ் முனை தடிப்பு, மைனஸ் முனை மெல்லியது என்பதால் பழைய கிளிப்புகள் மாறிப் பொருந்தாது. நசுக்கியும் தட்டியும் பொருத்தாமல் புதுக் கிளிப் இரண்டு வாங்குங்கள். ஸ்டார்ட்டர் எதிர்ப்பக்கம் சுற்றுமோ என்று எல்லாரும் கேட்பார்கள். சுற்றாது. அதற்குள் காந்தமாக வேலை செய்வதும் கம்பிச் சுருள்தான், இரண்டும் சேர்ந்து திரும்புவதால் திசை மாறுவதில்லை. ஆனால் யாராவது எல்இடி லைட்டோ போன் சார்ஜரோ பூட்டியிருந்தால் அவற்றின் இரண்டு வயரையும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது ஆல்டனேட்டர் வாங்குவது. ரீகண்டிஷன் சாமான் கடையில் சின்ன டொயோட்டா காரின் டென்சோ வகை, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பது, 45 முதல் 60 ஆம்பியர் வரை, அது போதும். முன்னுக்கு இரண்டு 45 வாட், பின்னுக்கு உழவு லைட் 55 வாட் என்று வைத்தாலும் 145 வாட், 12 ஆம்பியர் சொச்சம்தான். டைனமோவாலும் வேகமாக ஓடும்போது அதைக் கிட்டத்தட்டக் கொடுக்க முடியும். மெதுவாக ஓடும்போதுதான் அது கைவிரிக்கும். ஆல்டனேட்டரின் அருமை அந்த மெதுவில்தான் தெரியும்.

கடையில் இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்புண்டு. டீசல் வான் வண்டியில் கழற்றிய ஆல்டனேட்டரின் முதுகில் பிரேக்குக்கான வெற்றிடப் பம்ப் ஒட்டியிருக்கும். அதற்கு என்ஜின் எண்ணெய் ஓட வேண்டும், உங்கள் மெசினில் அந்தக் குழாய் இல்லை. மலிவாகத் தருவார்கள், வாங்க வேண்டாம். லொறியில் கழற்றியது 24 வோல்ட்டாக இருக்கலாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்று கண்ணால் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

கார் ஆல்டனேட்டரில் பல கோடு போட்ட தட்டைக் கப்பி இருக்கும். அதைக் கழற்றி, மெசின் பெல்டுக்கு ஏற்ற வி கப்பியை லேத் கடையில் கடைந்து பூட்ட வேண்டும். பெல்ட் கப்பியின் அடியில் முட்டக்கூடாது, இரண்டு பக்கச் சுவரிலும்தான் கடிக்க வேண்டும். டைனமோ நீளம், ஆல்டனேட்டர் குட்டை, ஆகவே பழைய தாங்கிகளுக்கு நடுவே ஒரு நீளப் போல்ட்டும், இடைவெளியை நிரப்ப இரும்புக் குழாய்த் துண்டும் தேவை. நேரான தகடு ஒன்றை என்ஜின் கப்பியின் முகத்தில் வைத்து, ஆல்டனேட்டர் கப்பியும் அதே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். பெல்டின் நீளமான பக்கத்தின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு இறங்கட்டும்.

இனி வயர். தொடங்கும் முன் பற்றரியின் எர்த் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். முதலில் கழற்றுவது எர்த், கடைசியில் பூட்டுவதும் எர்த்.

டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கொன்ட்ரோல் பெட்டிக்கு இனி வேலை இல்லை. டைனமோவிலிருந்து அதற்குப் போன இரண்டு வயரையும் உருவி எடுங்கள். லைட்டுக்கான கரண்டும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போயிருக்கும். ஸ்டார்ட்டர் சொலினொயிட்டில் (ஸ்டார்ட்டருக்குக் கரண்டை விடும் பெரிய சுவிட்சில்) பற்றரிக் கேபிள் பிடிக்கும் போல்டிலிருந்து, 30 ஆம்பியர் பியூஸோடு புது வயர் ஒன்றைத் திறப்புச் (சாவிச்) சுவிட்சுக்கும் லைட் சுவிட்சுக்கும் இழுத்துவிடுவதே என் வழக்கம். பழைய வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டிருக்கும்!

ஆல்டனேட்டரின் முதுகில் ஒரு போல்ட், மூன்று கால் சொக்கட் ஒன்று. போல்டுக்குப் பி என்று பெயர். சொக்கட்டின் கால்களுக்கு ஐஜி, எஸ், எல். பக்கத்திலேயே எழுதியிருக்கும். அழிந்திருந்தால் கடைக்காரரைக் கேட்டு மார்க் பண்ணுங்கள், ஊகித்துக் கொழுவக் கூடாது.

பி போல்டிலிருந்து 10 சதுர மில்லிமீற்றர் வயர், அதே சொலினொயிட் போல்டுக்கு, நடுவில் ஆல்டனேட்டருக்குத் தக்க பெரிய பியூஸ். 55 ஆம்பியருக்கு நான் 60 போடுகிறேன். இதைப் பழைய அமீற்றர் (ஆம்பியர் காட்டும் மீற்றர்) வழியாக விடாதீர்கள். அது டைனமோவின் அளவுக்குச் செய்தது, சூடாகி உருகும். அதைக் கழற்றிவிட்டு வோல்ட் மீற்றர் ஒன்றைப் பூட்டலாம். எஸ் காலிலிருந்து ஒரு சின்ன வயர் பற்றரியின் பிளஸுக்கு நேராக, அதற்கும் சின்னப் பியூஸ். பற்றரியில் உண்மையில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று ரெகுலேட்டர் பார்ப்பது இந்த வயரால்தான். ஐஜி கால், திறப்பைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற முனைக்கு, 10 ஆம்பியர் பியூஸோடு.

மிச்சம் எல். இதில்தான் ஆட்கள் சோம்பல்படுகிறார்கள். திறப்பிலிருந்து 12 வோல்ட், 3 வாட் சின்னப் பல்ப் ஒன்றின் வழியாக எல் காலுக்கு வயர் போக வேண்டும். டீசல் மெசினை நிறுத்துவது திறப்பு இல்லை, ஸ்டொப் கம்பி. கம்பியை இழுத்து என்ஜினை நிறுத்திவிட்டு, திறப்பை அப்படியே விட்டு வாடிக்கு (வயல் குடிலுக்கு) சாப்பிடப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ஆல்டனேட்டர் உள்ளுக்குள் பற்றரியைக் குடித்துக்கொண்டே இருக்கும், விடியும்போது ஸ்டார்ட்டர் 'டக்' என்று மட்டும் சொல்லும். அந்தச் சிவப்புப் பல்ப் ஸ்டியரிங்குக்கு நேரே எரிந்துகொண்டிருந்தால் யாரும் அதை மறந்து இறங்கமாட்டார்கள். அப்பாவின் மெசினில் வெயிலிலும் தெரியும்படி ஒரு தகர மூடி வைத்திருக்கிறேன்.

இப்போது எர்த்துக்குத் திரும்புவோம். ஆல்டனேட்டரின் மைனஸ் அதன் உடம்புதான். அந்த உடம்பு தாங்கியில், தாங்கி என்ஜினில். இடையில் மூன்று படை பெயின்ற், அதற்கடியில் கறல் (துரு). சென்ற மாரிக்கு முன் ஒரு மெசின் வந்தது. எல்லாம் புதுசு, லைட் மட்டும் மங்கல். லைட்டைப் போட்டு ஓடவிட்டு, மீற்றரின் ஒரு கம்பியை ஆல்டனேட்டர் உடம்பிலும் மற்றதைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் வைத்தேன். 0.9 வோல்ட். அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக்கூடாது. தாங்கியைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடங்களை இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை அரத்தால் சுரண்டி, கொஞ்சம் கிறீஸ் தடவிப் பூட்டினேன். ஆல்டனேட்டரின் உடம்பிலிருந்து பற்றரியின் எர்த் போல்டுக்குத் தனியாக ஒரு தடித்த வயரும் போட்டேன். மறுபடி வைத்துப் பார்த்தால் 0.05. அந்த வயரை இப்போது எல்லா மெசினுக்கும் போடுகிறேன்.

எல்லாம் பூட்டியதும் திறப்பைத் திருப்புங்கள். சிவப்புப் பல்ப் எரிய வேண்டும். எரியாவிட்டால் ஸ்டார்ட் பண்ணாமல் பல்பையும் எல் வயரையும் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சம் முறுக்கினால் அது அணைய வேண்டும். நிற்கும்போது நல்ல பற்றரி 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில். எல்லா லைட்டையும் போட்டாலும் 13.5க்குக் கீழே போகாவிட்டால் சரி. 15ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், பற்றரி கொதிக்கும். எஸ் வயர் கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரிக் கிளிப்பைக் கழற்றி 'சார்ஜ் வருதா' என்று பார்க்கும் பழைய டைனமோப் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உங்களுடையது 6 வோல்ட் பெற்றோல் மெசின் என்றால் வேலை கொஞ்சம் கூடும். பல்ப் எல்லாம் 12க்கு மாற வேண்டும், தீப்பொறிக்கான கொயிலும் 12 வோல்ட்டாக வேண்டும். பழைய ஸ்டார்ட்டர் 12ஐத் தாங்கும், ஆனால் நீட்டி அடிக்காமல் விட்டு விட்டு அடியுங்கள். பெற்றோலில் இன்னொன்று: திறப்பை மூடிய பிறகும் எல் வயர் வழியாகக் கரண்ட் பின்னோக்கி வந்து என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கலாம். பல்ப் இருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் எல் வயரில் ஒரு டயோட், கரண்ட் ஆல்டனேட்டர் பக்கம் மட்டும் போகும்படி.

வயர்களைக் குழாய்க்குள் விட்டு என்ஜினோடு கட்டுங்கள். நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். சேற்றுழவுக்கு இரும்புச் சில்லு பூட்டுகிறவர்கள் ஆல்டனேட்டருக்குப் பக்கத்தில் பழைய ரியூப் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் சேறு அடிக்காது. அந்தச் சில்லின் பட்டை உடைந்து மெசினில் வைத்தே வெல்டிங் பிடிக்க நேர்ந்தால், பற்றரியின் இரண்டு கிளிப்பையும் ஆல்டனேட்டரின் சொக்கட்டையும் பி வயரையும் கழற்றிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அப்பாவின் மெசினின் முதல் ஆல்டனேட்டர் ஒரு கராஜில் அப்படித்தான் போனது, பூட்டி இரண்டே மாதத்தில். வெல்டிங் எர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே கடிக்க வையுங்கள்.